ராக்னராக் ஆன்லைன்: புது கில்டு ஒன்று தன் முதல் கோட்டையைப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

ராக்னராக் ஆன்லைன் விளையாட்டில் கோட்டைகளுக்காகக் கில்டுகள், அதாவது வீரர் குழுக்கள், மோதும் போர்தான் வார் ஆஃப் எம்பீரியம். அதில் முதல் தடவை இறங்கும் கில்டுகள் பெரும்பாலும் சண்டை போடத் தெரியாமல் தோற்பதில்லை. முந்தைய வாரமே முடித்திருக்க வேண்டிய ஏதோ ஒரு வேலையை விட்டிருப்பார்கள், கோட்டைக்குள் போன பிறகுதான் அது தெரியவரும். ஐந்து பேர் எம்பீரியத்தை, அதாவது கோட்டை கைக்கு வர உடைக்கவேண்டிய கல்லை, சுற்றி நின்று அடிப்பார்கள், ஒரு புள்ளி கூடக் குறையாது. ஏன் என்று யாருக்கும் புரியாது. இதைப் பல கில்டுகளில் பார்த்தாயிற்று. அதனால்தான் செய்யவேண்டியவற்றை, செய்யவேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். வரிசை மாறினால் பாதி வேலை வீணாகிவிடும்.

இது பழைய விதிகளில், அதாவது ரினியூவல் என்ற பெரிய விதிமாற்றத்துக்கு முந்தைய முறையில் ஓடும் சர்வர்களுக்கானது. கோட்டைகளும் முதல் பதிப்புக் கோட்டைகள்தான். பேரிகேடு என்ற தடுப்புகளும் கார்டியன் ஸ்டோன் என்ற காவல் கற்களும் உள்ள இரண்டாம் பதிப்புக் கோட்டைகளுக்கு இதன் முதல் பாதி பொருந்தும். உள்ளே முன்னேறும் முறை வேறு. சர்வருக்குச் சர்வர் சில எண்கள் மாறும் என்பதால், உங்கள் சர்வரின் போர் நேரத்தையும் விதிகளையும் முதலில் படித்துவிடுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

தவறாமல் வரக்கூடிய பன்னிரண்டு பேர் வேண்டும். ஒரு பார்ட்டியில் அதிகபட்சம் 12 பேர்தான் சேர முடியும். அந்த ஒரு பார்ட்டியை முழுதாக நிரப்பினாலே சிறிய கோட்டைச் சண்டைக்குப் போதும். பட்டியலில் முப்பது பெயர் இருந்து எட்டுப் பேர் வரும் கில்டைவிட, பன்னிரண்டு பேர் இருந்து பன்னிரண்டு பேரும் வரும் கில்டுதான் கோட்டை பிடிக்கும்.

அடுத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய குரல் இணைப்பு. டிஸ்கார்டோ வேறு எதுவோ, இருந்தால் சரி. சண்டை நடுவில் சாட்டில் தட்டச்சு செய்பவர் அந்த நேரத்தில் நகர மாட்டார், நகராதவர் செத்துப்போவார். மைக் இல்லாதவர்கள் கேட்டால் மட்டும் போதும், பேசவேண்டிய அவசியமில்லை.

மூன்றாவது, ஒரு எம்பீரியம் கல் (கோட்டையில் உடைப்பது அல்ல, அதே பெயரில் பையில் வைக்கும் பொருள்). கில்டு தொடங்கும்போது இது செலவாகிவிடும். மான்ஸ்டர்களிடம் கிடைக்கும், சந்தையிலும் வாங்கலாம்.

2. கில்டைத் தொடங்குதல்

எம்பீரியத்தைப் பையில் வைத்துக்கொண்டு, சாட் பெட்டியில் சாய்கோடு போட்டு, கில்டு என்பதை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டுப் பெயரைக் கொடுக்கவேண்டும். கட்டளையை அடிப்பவரே தலைவர்.

இங்கேதான் முதல் தவறு நடக்கும். ஆர்வமாக இருப்பவர், அல்லது கல்லை வாங்கிய புண்ணியவான், அவரே தலைவராகிவிடுவார். பழைய விதிகளில் தலைமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. எல்லோரையும் தன்னிடம் இழுக்கும் எமர்ஜென்சி கால் என்ற ஸ்கில், கோட்டையில் முதலீடு, புதையல் அறை என்று எல்லாமே தலைவரின் கேரக்டரோடு கட்டப்பட்டவை. ஆகவே ஒவ்வொரு போருக்கும் கட்டாயம் வரக்கூடியவர், எளிதில் சாகாத கேரக்டர் வைத்திருப்பவர், அவரைத் தலைவராக்குங்கள். உயிர்த் திறன் அதிகமுள்ள பாலடின் வகைக் கேரக்டர் நல்ல தேர்வு. கூட்டத்தை வழிநடத்திப் பேசுபவர் வேறொருவராக இருக்கலாம், அதில் தவறே இல்லை.

அப்புறம் சின்னம். 24க்கு 24 பிக்சல் அளவில் பிஎம்பி கோப்பாகச் செய்து, கேம் இருக்கும் இடத்திலுள்ள எம்ப்ளம் ஃபோல்டரில் போட்டுத் தலைவர் தேர்வுசெய்ய வேண்டும். நுணுக்கமான ஓவியம் வேண்டாம். இரண்டே நிறம், தடித்த வடிவம் போதும். நாற்பது பேர் ஒரே இடத்தில் குவியும்போது நம் ஆளைக் கண்டுபிடிக்க உதவுவது அந்தச் சின்னம் மட்டுந்தான்.

3. கில்டு ஸ்கில்கள்: இந்த வரிசையில்தான்

கில்டு ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஒரு ஸ்கில் புள்ளி கிடைக்கும். லெவல் ஏறுவது உறுப்பினர்கள் தரும் வரியால். பதவி வாரியாகத் தலைவர் வரி வைக்கலாம், உச்சவரம்பு 50 சதவீதம். லெவல் 99 தொட்டவர்களிடம் முழு வரி வாங்குங்கள், அவர்களுக்கு அந்த அனுபவப் புள்ளியால் பயனில்லை. இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவர்களிடம் பத்துக்கு மேல் கேட்காதீர்கள். அவர்கள் வளர்ந்தால்தான் போருக்குப் பயன்படுவார்கள்.

முதல் புள்ளி அஃபிஷியல் கில்டு அப்ரூவலுக்கு. வேறு எதற்கும் போகக்கூடாது. இந்த ஸ்கில் இல்லாத கில்டால் எம்பீரியத்தைத் தொட்டாலும் சேதம் விழாது. மேலே சொன்ன அந்த ஐந்து பேரின் பிரச்சனைக்கு முதல் காரணம் இதுதான். ஆள் சேர்க்கும் ஆசையில் எல்லாப் புள்ளியையும் கில்டு எக்ஸ்டென்ஷனில் கொட்டிவிட்டு வருவார்கள்.

இரண்டாவது, எக்ஸ்டென்ஷன் 5 வரை. தொடக்கத்தில் கில்டில் 16 பேருக்குத்தான் இடம். எக்ஸ்டென்ஷன் இடத்தைக் கூட்டும், ஆனால் ஐந்தாவது லெவல் வரை அதை ஏற்றச் சொல்வதற்குக் காரணம் வேறு: ரீஜெனரேஷன் ஸ்கில்லுக்கு அது முன்நிபந்தனை, எமர்ஜென்சி காலுக்கு ரீஜெனரேஷன் முன்நிபந்தனை. பிறகு பேட்டில் ஆர்டர்ஸ், அதன்பின் ரீஜெனரேஷன் 1, கடைசியாக எமர்ஜென்சி கால். மொத்தம் ஒன்பது புள்ளி. கில்டு லெவல் 10 வந்தால் கையில் இருக்கும்.

எமர்ஜென்சி கால் கிடைக்கும் முன் கோட்டைக்குப் போகலாமா என்று கேட்பார்கள். பழகுவதற்குப் போங்கள், பிடிக்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். பிடித்தாலும் காக்க முடியாது. ஏன் என்பது 11ஆம் பகுதியில்.

4. யார் என்ன வேலை

ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை. இரண்டு வேலை வாங்கியவர் இரண்டையும் செய்யமாட்டார். பன்னிரண்டு பேர் கொண்ட கில்டுக்கு நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது. பெயர்களெல்லாம் கேரக்டர் வகைகள்.

ஹை ப்ரீஸ்ட் மூவர். ஒருவர் பிரேக்கரை, அதாவது எம்பீரியத்தை உடைப்பவரை, விட்டு நகரக்கூடாது, ஒருவர் முன்வரிசைக்கு, ஒருவர் ஊரில் வார்ப் போர்ட்டல் திறக்க. மூன்றாமவர் சண்டையில் இல்லையே என்று பலர் வருத்தப்படுவார்கள். செத்து ஊருக்குப் போனவர்களைத் திரும்பக் கொண்டுவரும் வேலை அவருடையது. அவர் இல்லாத கில்டு கால் மணி நேரத்தில் கரைந்துவிடும்.

புரொஃபசர் இருவர். லேண்ட் ப்ரொடெக்டர் போடுவது இவர்கள் பணி. எதிரி காவலுக்கு வைத்திருக்கும் ஸ்டார்ம் கஸ்ட், மீட்டியர் ஸ்டார்ம், லார்ட் ஆஃப் வெர்மிலியன் போன்ற தரைமேல் விழும் மந்திரங்கள் அந்தப் பரப்புக்குள் அழிந்துவிடும். ஒருவர் செத்தால் இன்னொருவர் வேண்டும், அதனால்தான் இருவர்.

ஹை விஸார்ட் இருவர், ஸ்னைப்பர் ஒருவர். இவர்கள் தாக்கும்போது ஓரளவுக்குத்தான் உதவுவார்கள். பிடித்த பிறகு காவல் முழுக்க இவர்கள் கையில்.

பாலடின் ஒருவர், அவரே தலைவர். சாம்பியன் ஒருவர், எதிரிப் ப்ரீஸ்டை ஒரே அசுரா ஸ்ட்ரைக்கில் வீழ்த்த. மீதி இருவர் பிரேக்கர்கள். பார்ட், டான்ஸர் கிடைத்தால் அதிர்ஷ்டம், பாடலால் அடிக்கும் வேகம் கூடும். கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

5. உடுப்பும் கார்டுகளும்

போர் நடக்கும் கோட்டைகளில் வீரர்களின் தாக்குதல் சேதம் குறைத்துக் கணக்கிடப்படும். இருந்தாலும் மான்ஸ்டர் வேட்டைக்கான உடுப்போடு வந்தால் இரண்டு வினாடி தாங்காது. எதிரில் இருப்பவர்கள் மனித வீரர்கள், அதாவது டெமிஹ்யூமன் இனம். ஆகவே எல்லோருக்கும், விதிவிலக்கு இல்லாமல், மூன்று கார்டு, அதாவது உடுப்பில் பொருத்தும் வலுவூட்டிகள்.

கேடயத்தில் தாரா ஃப்ராக்: டெமிஹ்யூமன் தாக்குதலை 30 சதவீதம் குறைக்கும். மேலங்கியில் ரேட்ரிக்: நியூட்ரல் தாக்குதலை 20 சதவீதம் குறைக்கும். கவசத்தில் மார்க்: உறைந்துபோகாமல் காக்கும். ஸ்டார்ம் கஸ்டில் உறைந்து நிற்பவர் அடுத்த அடியில் போய்விடுவார் என்பதால், பணம் குறைவாக இருந்தால் மார்க்கை முதலில் வாங்குங்கள். தாரா ஃப்ராக் அடுத்து. ரேட்ரிக் விலை அதிகம், மெதுவாகச் சேர்க்கலாம்.

விட், அதாவது வைட்டாலிட்டி, நூறைத் தொட்டால் ஸ்டன், அதாவது அசையமுடியாமல் செய்யும் மயக்கம், பிடிக்காது. முன்வரிசையில் நிற்பவர்களுக்கு இது கட்டாயம். ப்ரீஸ்டுகளும் தங்கள் புள்ளிகளில் பெரும் பங்கை விட்டில் போடவேண்டும். வேகமாக மந்திரம் போடும் ப்ரீஸ்ட் செத்துக் கிடந்தால் யாருக்கும் பயனில்லை.

6. பிரேக்கர்: அதிகம் தவறு நடக்கும் இடம்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

எம்பீரியம் சாதாரண அடிகளுக்கு மட்டுமே உடையும். எவ்வளவு பெரிய ஸ்கில் வைத்திருந்தாலும் அதன்மேல் பயனில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பிரேக்கர் என்பவர் வேகமாக, நிறுத்தாமல், கையால் அடிப்பவர். அசாசின் கிராஸ், டூ ஹேண்ட் குவிக்கன் போட்ட லார்ட் நைட் இருவரும் ஏற்றவர்கள். வைட்ஸ்மித்தும் சேரலாம், ஆனால் அவர் கையிலுள்ள கோடாரிக்கு ஒரு குறை உண்டு. அது கீழே.

எம்பீரியத்தின் தன்மை மூன்று: இனம் ஏஞ்சல், அளவு ஸ்மால், பண்பு ஹோலி. ஆயுதம், கார்டு, மந்திரம் மூன்றையும் இதை வைத்தே முடிவுசெய்யவேண்டும்.

இனம் ஏஞ்சல். ஆள் சண்டைக்கு எல்லோரும் ஆயுதத்தில் ஹைட்ரா கார்டு போடுவார்கள், ஒன்றுக்கு 20 சதவீதம் கூடும். அது டெமிஹ்யூமனுக்கு எதிராக மட்டுந்தான். நான்கு ஹைட்ரா போட்ட விலையுயர்ந்த ஆயுதமும் எம்பீரியத்தின்மேல் கார்டே இல்லாத ஆயுதந்தான். பிரேக்கருக்கு இரண்டு ஆயுதம் வேண்டும்: வழியில் ஒன்று, எம்பீரியத்துக்கு ஒன்று. ஹாட்கீயில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கவேண்டும்.

அளவு ஸ்மால். கத்தி, அதாவது டாகர், சிறிய உருவங்களின்மேல் முழு வலிமையோடு விழும். கட்டாரும் இரு கை வாளும் முக்கால் பங்கு. கோடாரி பாதிதான். அதனால்தான் வைட்ஸ்மித்தை நான் முதல் தேர்வாக வைப்பதில்லை. கட்டார் முக்கால் பங்கே என்றாலும் அதன் மூல வலிமை அதிகம். உங்கள் கையில் உள்ள ஆயுதத்தின் எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்.

பண்பு ஹோலி. நியூட்ரல் ஆயுதம் முழுச் சேதம் தரும். நெருப்பு, நீர், காற்று, மண் ஆயுதங்கள் முக்கால் பங்குதான். ஹோலி ஆயுதம் பூஜ்யம். ஷேடோ ஆயுதம் 125 சதவீதம். அந்த ஐந்து பேரின் பிரச்சனைக்கு இரண்டாவது காரணம் இங்கே இருக்கிறது: நல்லெண்ணத்தோடு ஒரு ப்ரீஸ்ட் பிரேக்கருக்கு ஆஸ்பெர்சியோ போட்டுவிடுவார். ஆயுதம் ஹோலியாகிவிடும், எம்பீரியத்தின்மேல் ஒன்றும் விழாது. ஆஸ்பெர்சியோவைப் போர் நாளில் ஹாட்கீயிலிருந்தே எடுத்துவிடச் சொல்லுங்கள். மாறாக, பிரேக்கர் பையில் கர்ஸ்ட் வாட்டர் சில குப்பிகள் இருக்கட்டும். குடித்தால் ஆயுதம் ஷேடோவாகும். எம்பீரியம் அறைக்குள் நுழைந்த பிறகு குடிக்கவேண்டும், வாசலிலேயே குடித்தால் வழியில் தீர்ந்துவிடும்.

பிரேக்கருக்குத் தேவையான மந்திரங்கள்: ப்ளெஸ்ஸிங், இன்க்ரீஸ் அஜிலிட்டி, இம்போசிஷியோ மானுஸ். அடிக்கும் வேகத்துக்கு பெர்சர்க் போஷன், பயன்படுத்த முடியாதவர்களுக்கு அவேக்கனிங். பாலடினின் டிவோஷனும் பிரேக்கர் மேலேயே இருக்கவேண்டும். பிரேக்கருக்கு விழும் அடியைப் பாலடின் வாங்கிக்கொள்வார். ஆனால் இருவரின் லெவல் வித்தியாசம் பத்துக்குள் இருந்தால்தான் டிவோஷன் ஒட்டும். போர் தொடங்கி முதல் முறை போட்டுப் பார்க்கும்போது இது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது. முந்தைய நாளே ஊரில் போட்டுப் பாருங்கள்.

7. சரக்கு

ப்ளூ ஜெம்ஸ்டோன் ப்ரீஸ்ட் ஒவ்வொருவருக்கும் நிறைய. ரிசரெக்ஷனுக்கும் வார்ப் போர்ட்டலுக்கும் தலா ஒன்று போகும். லேண்ட் ப்ரொடெக்டருக்கு ஒரு ப்ளூ, ஒரு யெல்லோ. யெல்லோவை மறந்துவிட்டு வரும் புரொஃபசர்கள் ஏராளம், ப்ரீஸ்டிடம் கடன் கேட்கவும் முடியாது, அவரிடம் அது இருக்காது.

ஸ்னைப்பருக்குப் பொறிகள். எல்லோருக்கும் வெண்மருந்து, அதாவது வைட் போஷன். கில்டில் கிரியேட்டர் இருந்தால் கண்டென்ஸ்ட் வைட் போஷன் காய்ச்சித் தருவார், எடை குறைவு. எடை பாதியைத் தாண்டினால் உயிரும் மாயசக்தியும் தானாக ஏறாது, 90 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்கவே முடியாது. ஆகவே சரக்கைக் குவிக்காமல், பாதி எடுத்துக்கொண்டு மீதியைக் காஃப்ரா ஸ்டோரேஜில், அதாவது ஊரிலுள்ள சேமிப்பகத்தில், வையுங்கள். செத்து ஊருக்கு வரும்போதெல்லாம் நிரப்பிக்கொள்ளலாம். மந்திரம் போட முடியாமல் செய்யும் சைலன்ஸ் தீர க்ரீன் போஷன் ப்ரீஸ்டுகளுக்குக் கட்டாயம். சைலன்ஸ் விழுந்த ப்ரீஸ்ட் வெறும் பார்வையாளர்.

சரக்குக்குப் பொறுப்பு ஒருவர் மட்டும். போருக்கு ஒரு நாள் முன்பு ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சரிபார்ப்பது அவர் வேலை.

8. கோட்டையைத் தேர்வுசெய்து நடந்து பார்த்தல்

முதல் பதிப்பில் மொத்தம் 20 கோட்டைகள், ஊருக்கு ஐந்தாக நான்கு இடங்களில். ப்ரோன்டேராவுக்கு அருகே வால்கிரி ரெல்ம், பேயோனில் க்ரீன்வுட் லேக், கெஃபனில் பிரிட்டோனியா, ஆல்டிபரானில் லூயினா. பெரிய கில்டுகள் எங்கே கட்டிப் புரள்கின்றனவோ அங்கே போகாதீர்கள். இரண்டு மூன்று போர் நாட்களில் எந்தக் கோட்டை கடைசி நிமிடத்தில் யாரிடம் போகிறது, எது கேட்பாரற்று இருக்கிறது என்று குறித்து வையுங்கள். சும்மா இருக்கும் கோட்டையைக் குறிவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புது கில்டுக்கு அதுதான் சரியான முதல் கோட்டை.

தேர்ந்தெடுத்த பிறகு, போர் இல்லாத நாளில் எல்லோரும் ஒன்றாக உள்ளே நடந்து பாருங்கள். நுழைவாயிலிலிருந்து எம்பீரியம் அறைவரை எத்தனை போர்ட்டல், அதாவது அடுத்த அறைக்குப் போகும் வாசல், எங்கே வழி பிரிகிறது, எங்கே குறுகுகிறது. ஒவ்வொரு போர்ட்டலுக்கும் ஒரு எண் கொடுத்துவிடுங்கள். “இரண்டாவது போர்ட்டலில் நில்” என்றால் எல்லோருக்கும் ஒரே இடம் புரியவேண்டும். “இடது பக்கம் அந்தத் தூண் பக்கத்தில்” என்று போர் நடுவில் விளக்க நேரம் இருக்காது.

கூட்டணி விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுங்கள். மூன்று கில்டுகள் வரை கூட்டணி வைக்கலாம். கூட்டணி கில்டு வைத்திருக்கும் கோட்டையின் எம்பீரியத்தை உங்களால் உடைக்க முடியாது. பழக்கத்துக்காகக் கூட்டணி வைத்துவிட்டு, போர் நாளில் அந்தக் கோட்டையையே குறிவைத்தவர்கள் உண்டு. அந்த ஐந்து பேரின் பிரச்சனைக்கு இது மூன்றாவது காரணம்.

9. போர் நாள்: நுழைவு முதல் எம்பீரியம் வரை

அரைமணி நேரம் முன்பு எல்லோரும் கோட்டைக்கு அருகிலுள்ள ஊரில் சேவ் செய்திருக்க வேண்டும். கோட்டைக்குள் டெலிபோர்ட் கிடையாது. செத்தால் சேவ் செய்த இடத்துக்குத்தான் போவீர்கள். ஒருவர் வேறு ஊரில் சேவ் செய்திருந்தால், அவருடைய ஒவ்வொரு சாவும் உங்களுக்குப் பல நிமிட இழப்பு. போரில் செத்தால் அனுபவப் புள்ளி குறையாது, ஆகவே பயந்து பின்வாங்கவேண்டிய தேவையும் இல்லை.

போர்ட்டலைத் தாண்டும்போது ஒரு விதி: எல்லோரும் சேர்ந்து. புதிதாக ஒரு அறைக்குள் நுழைபவருக்குச் சில வினாடி அடி விழாது, அவர் அசைந்தாலோ ஏதாவது செய்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். எதிரியின் மந்திரமெல்லாம் அந்த வாசலில்தான் கொட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொருவராக நுழைந்தால் ஒவ்வொருவராகச் சாவீர்கள். இறங்கும் மழையில் ஒவ்வொருவராக ஓடுவதைவிட ஒரே பந்தலைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் நகர்வது மேல். அந்தப் பந்தல்தான் லேண்ட் ப்ரொடெக்டர்.

நுழையும் வரிசை: முதலில் பாலடினும் முன்வரிசையும், அடுத்த நொடியே புரொஃபசர், பின்னாலேயே மற்ற எல்லோரும். உள்ளே போனதும் புரொஃபசர் லேண்ட் ப்ரொடெக்டர் போடுவார். ஐந்தாம் லெவலில் 11க்கு 11 கட்டம் பரவும். எல்லோரும் அதற்குள் நின்று, அங்கிருந்து முன்னேறவேண்டும்.

லேண்ட் ப்ரொடெக்டர் பற்றி மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, இரண்டு புரொஃபசர்களும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் மேற்படும் இடத்தில் இரண்டுமே அழிந்துவிடும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இடம் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு, நம் ப்ரீஸ்டின் சேஃப்டி வால், நியூமா, சாங்க்சுவரி எதுவும் அதற்குள் நிற்காது. மூன்று, ஸ்னைப்பர் வைத்த பொறிகளை அது அகற்றாது. முன்வரிசை ஆங்கிள் ஸ்னேர் பொறியில் மாட்டினால் பின்னால் வருபவர்கள் அவரை மோதிக்கொண்டு நிற்காமல் சுற்றிப் போகவேண்டும்.

வழியில் எதிரியைக் கொல்வதில் நேரம் போக்காதீர்கள். இது புதியவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம். ஓர் எதிரியைத் துரத்தி மூன்று பேர் பக்கத்து அறைக்குப் போய்விடுவார்கள், பிரேக்கர் தனியாக நிற்பார். சாம்பியனைத் தவிர வேறு யாரும் ஆளைத் துரத்தக்கூடாது. அவரும் ப்ரீஸ்டை மட்டுமே.

இன்னொரு வழியும் இருக்கிறது. காவல் கடுமையாக இருந்தால், மொத்த கூட்டமும் வெளியே நின்று எதிரியின் கவனத்தை இழுத்துக்கொண்டிருக்க, தலைவர் மட்டும் நழுவி உள்ளே போய் எமர்ஜென்சி கால் போடலாம். கில்டு உறுப்பினர்கள் எல்லோரும் அவர் பக்கத்துக்கு வந்துவிடுவார்கள். செத்துக் கிடப்பவர்கள் வரமாட்டார்கள். ஆகவே “கால் வருகிறது” என்று குரல் கேட்டதும், செத்துக் கிடப்பவர்கள் உடனே ஊருக்குத் திரும்பி எழவேண்டும். ஒரு முறை பயன்படுத்தினால் அடுத்ததற்கு ஐந்து நிமிடம் காத்திருக்கவேண்டும். எப்போது போடுவது என்பதை ஒருவர் மட்டும் முடிவுசெய்யட்டும்.

10. எம்பீரியம் அறையில்

பிரேக்கர்கள் இருவரும் ஆயுதம் மாற்றி, கர்ஸ்ட் வாட்டர் குடித்து, அடிக்கத் தொடங்கவேண்டும். தங்களைச் சுற்றி என்ன நடந்தாலும் திரும்பக்கூடாது. அவர்களைக் காப்பது மற்ற பத்துப் பேரின் வேலை. ஒரு ப்ரீஸ்ட் பிரேக்கர் மேல் கண்ணை வைத்தபடியே, போட்ட மந்திரங்களை நீக்கும் டிஸ்பெல் விழுந்தால் உடனே மந்திரங்களைத் திரும்பப் போடவேண்டும். க்வாக்மையர் விழுந்தால் வேகம் சட்டென்று குறையும். புரொஃபசர் அங்கே லேண்ட் ப்ரொடெக்டர் போட்டிருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

எம்பீரியத்தின் அடிப்படை உயிர் 68,430. கோட்டையில் பாதுகாப்பு முதலீடு செய்திருந்தால் இது கூடும். பாதி உடைத்துவிட்டுப் பின்வாங்குவது வீண். கடைசிவரை நிற்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறைக்குள் நுழையுங்கள்.

நேரமும் முக்கியம். கோட்டை யாருடையது என்பது போர் முடியும் நொடியில் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் பத்து நிமிடத்தில் பிடித்தால் மீதி நேரம் முழுக்கக் காக்கவேண்டும், அது சிறிய கில்டால் ஆகாத காரியம். முதல் முக்கால்வாசி நேரத்தைப் பழக்கத்துக்கும் எதிரியின் சரக்கைத் தீர்க்கவும் செலவழியுங்கள். கடைசிக் கால் மணி நேரத்துக்கு முழுச் சக்தியையும் சேமித்து வையுங்கள்.

11. உடைந்த அந்த நொடி

எம்பீரியம் உடைந்ததும் உங்கள் கில்டைத் தவிர மற்ற எல்லோரும் கோட்டைக்கு வெளியே தள்ளப்படுவார்கள். புது எம்பீரியம் உடனே அதே இடத்தில் முளைக்கும். எல்லோரும் கத்திக் கொண்டாடும் இந்த நேரத்தில்தான் கோட்டை பறிபோகிறது. வெளியே தள்ளப்பட்டவர்கள் ஓரிரு நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவார்கள்.

உடனே செய்யவேண்டியது: தலைவர் எமர்ஜென்சி கால் போட்டு ஊரில் இருப்பவர்களை இழுக்கவேண்டும். 3ஆம் பகுதியில் அந்த ஸ்கில் இல்லாமல் பிடித்தால் காக்க முடியாது என்று சொன்னது இதனால்தான். உள்ளே நுழையவே அதைப் பயன்படுத்தியிருந்தால், வெளியிலுள்ளவர்கள் கோட்டை வாசலிலுள்ள கொடியைத் தொட்டு உள்ளே வரலாம். சொந்தக்கார கில்டுக்கு மட்டும் அது வழிவிடும்.

அடுத்து, எம்பீரியம் அறைக்கு வரும் கடைசி போர்ட்டலில் காவல். கோட்டை முழுவதையும் காக்க நினைக்காதீர்கள், பன்னிரண்டு பேரால் ஒரு வாசலைத்தான் காக்க முடியும். போர்ட்டலிலிருந்து இறங்கும் இடத்தில் ஸ்னைப்பர் பொறி வைப்பார். ஹை விஸார்ட் இருவரும் மாறி மாறி, ஒருவர் முடிக்கும்போது மற்றவர் தொடங்கும் விதத்தில், ஸ்டார்ம் கஸ்டும் மீட்டியர் ஸ்டார்மும் கொட்டவேண்டும். எதிரி கண்ணில் படும் வரை காத்திருந்து தொடங்கினால் தாமதம். சாம்பியன் வாசலுக்கு நேராக நின்று, முதலில் இறங்கும் புரொஃபசரை வீழ்த்தவேண்டும். எதிரியின் லேண்ட் ப்ரொடெக்டர் எழுந்துவிட்டால் உங்கள் காவல் முழுதும் கலைந்துவிடும். அப்படி எழுந்தால், நம் புரொஃபசர் அதன்மேலேயே தன்னுடையதைப் போட்டு இரண்டையும் அழிக்கலாம்.

12. போர் முடிந்த பிறகு

கோட்டை நிலைத்துவிட்டால் தலைவர் உள்ளே இருக்கும் மேலாளரிடம் முதலீடு செய்யலாம். வணிகத்திலா பாதுகாப்பிலா என்றால், முதலில் வணிகத்தில்தான். வணிகம் பூஜ்யத்தில் இருந்தால் நாளுக்கு நான்கு புதையல் பெட்டிகள் வரும். ஒவ்வொரு ஐந்து புள்ளிக்கும் ஒரு பெட்டி கூடும், நூறில் 24. ஒரு நாளில் இரண்டு முறை முதலீடு செய்யலாம், ஆனால் இரண்டாவது முறைக்கு நான்கு மடங்கு விலை. சிறிய கில்டு நாளுக்கு ஒரு முறையோடு நிறுத்திக்கொள்ளட்டும். அடுத்த போரில் கோட்டை கை மாறினால் வணிகமும் பாதுகாப்பும் ஐந்து ஐந்து குறையும். நிச்சயம் காப்போம் என்ற நிலை வரும்வரை பெரிய தொகை போடாதீர்கள்.

காஃப்ரா கான்ட்ராக்ட் ஸ்கில் இருந்தால் 10,000 ஜெனி கொடுத்துக் கோட்டையில் காஃப்ரா பணியாளரை வைக்கலாம். இப்போது வரும் ஸ்கில் புள்ளியை அதற்குக் கொடுக்கலாம்.

புதையல் பெட்டிகள் நள்ளிரவு தாண்டியதும் வரும். அந்த அறைக்குள் தலைவரால் மட்டுமே போக முடியும். அங்கே என்ன கிடைத்தது என்று மற்றவர்களால் பார்க்க முடியாது என்பதால், கில்டுகள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதல் பெட்டியைத் திறக்கும் முன்பே பங்கீட்டு விதியை எழுதி எல்லோரிடமும் சம்மதம் வாங்குங்கள். தலைவர் ஒவ்வொரு முறையும் திரையைப் பகிர்ந்தபடியே பெட்டிகளைத் திறக்கட்டும். கிடைத்ததில் முதல் பங்கு அடுத்த போரின் ஜெம்ஸ்டோனுக்கும் மருந்துக்கும், மீதி அன்று வந்திருந்தவர்களுக்குச் சமமாக. ஊரில் வார்ப் போர்ட்டல் திறந்துகொண்டே இருந்த அந்த மூன்றாவது ப்ரீஸ்டுக்கும் பிரேக்கருக்குக் கிடைக்கும் அதே பங்கு.